ஓய்வு நேரக் கைவேலை என்னும் கட்டுக்கதை

பெண்களுக்கான எந்த இதழைப் புரட்டினாலும் கைவேலைக்கென்று இரண்டு பக்கம் இருக்கும். ஆரி ஒர்க், புடவைக் குஞ்சம், பட்டுநூல் வளையல், ஒயர்கூடை என்று மாதத்துக்கு ஒன்று சொல்லித் தருவார்கள். கூடவே ஒரு இல்லத்தரசியின் படமும் பேட்டியும் வரும். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு கிடைக்கும் ஓய்வு நேரத்தில் செய்கிறார், பொழுதும் போகிறது, கைச்செலவுக்கும் ஆகிறது என்பதுதான் பெரும்பாலும் அந்தப் பேட்டிகளின் சாரம்.

வீட்டுக்குள் வந்தால் இதே கருத்து இன்னும் பச்சையாக வெளிப்படும். "வீட்லதான இருக்கீங்க மதினி, வளைகாப்புக்கு இந்த ப்ளவுஸ்ல கொஞ்சம் ஆரி போட்டுத் தந்துருங்க" என்று கேட்பார்கள். கூலிப் பேச்சே எழாது. அவராக வாய்திறந்து கேட்டால், சொந்தத்துக்குள் காசு கேட்கிறாள் என்ற பெயர் ஊரெல்லாம் சுற்றி வரும்.

இந்தக் கருத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வாதங்கள் கிடைக்கும். வீட்டில் இருக்கும் தாய்க்கு நேரம் மிச்சம் இருக்கிறது என்பது முதலாவது. வீட்டுக்குள் இருந்தபடி, விருப்பப்பட்டுச் செய்வது தொழிலாகாது என்பது இரண்டாவது. அதையே சொந்த லட்சியமாக எடுத்துக்கொண்டால் குடும்பம் சீர்கெடும் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. அதற்கான சாட்சியங்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மதுரையின் பேரைச் சொல்லி விற்கும் பொருள்கள் பலவற்றை இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் அம்மாக்களின் கைகள்தான் முடிந்தும் கட்டியும் தந்திருக்கின்றன.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றுக்குக் கொடுக்கிறார். அதே வேலைகளில் ஈடுபடும் ஆண் கொடுப்பது 88 நிமிடங்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்வது இதில் சேராது, அது தனிக்கணக்கு. அதில் பெண்ணுக்கு 137 நிமிடங்கள், ஆணுக்கு 75 நிமிடங்கள். இரண்டையும் சுமக்கும் ஒரு தாய்க்கு இந்தச் சராசரிகளைக் கூட்டிப் பார்த்தால் ஏழு மணி நேரம் தாண்டுகிறது. இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. பண்டிகை வந்தால் வேலை இன்னும் கூடும்.

2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் வீட்டு வேலைக்கான இதே எண்கள் 299, 97 என்று இருந்தன. ஐந்து ஆண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. மிக்சியும் கிரைண்டரும் குக்கரும் வந்துவிட்ட பிறகு பெண்களுக்கு வீட்டில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கட்டும்.

மதுரையின் வில்லாபுரத்திலோ செல்லூரிலோ ஒரு சாதாரண வீட்டின் பகல்பொழுதை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து குடங்களை நிரப்பி, டிபன் கட்டி, பிள்ளைகளை வேனில் ஏற்றி, துவைத்துக் காயப்போட்டு, மத்தியானச் சமையல் முடிந்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து நிமிரும்போது மணி இரண்டு. நான்கு மணிக்கு வேன் திரும்பிவிடும். இடைப்பட்ட நேரத்தில்தான் ஆரி ஃபிரேமை எடுத்து முன்னால் வைக்கிறார். கேஸ் சிலிண்டர்காரர் அழைக்கிறார். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலை வாங்கி வைக்கவேண்டியிருக்கிறது. மிச்ச வேலை இரவு பத்து மணிக்குமேல், எல்லோரும் படுத்த பிறகு, ட்யூப்லைட் வெளிச்சத்தில் நடக்கிறது. இதை ஓய்வு நேரம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? தூக்கத்தை விற்றுத்தான் அந்தப் பெண் நேரம் வாங்குகிறார்.

பூக்கட்டும் அம்மாக்களிடம் ஓய்வு நேரம் என்று பேசவே முடியாது. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது. அந்தப் பெருமையைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. மல்லி மொட்டாக இருக்கும்போதே பறிக்கப்பட்டு, மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து கூடை கூடையாகத் தெருக்களுக்குப் பிரிந்து போகிறது. பொழுது சாயும்போது மொட்டு விரியத் தொடங்கிவிடும். அதற்குள் கட்டி முடிக்கவேண்டும். விரிந்த பூவைக் கட்டினால் இதழ் உதிரும், வாங்குபவர் முகம் சுளிப்பார். இரண்டு பக்கமும் மொட்டுகளைத் தலைமாற்றி வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி இழுக்கும் அந்த விரல்களின் வேகத்தை நிர்ணயிப்பது செடி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதற்காகப் பூ காத்திருக்காது. முகூர்த்த நாள்களில் கிலோ விலை ஆயிரங்களைத் தொடும்போதும், கார்த்திகை மார்கழிப் பனியில் வரத்து சுருங்கி விலை எகிறும்போதும், அந்த உயர்வுக்கு ஏற்றபடி கட்டுக்கூலி ஏறுவதில்லை. வியாபாரி நேரத்துக்கு விலை வைக்கிறார். கட்டுகிறவருடைய நேரத்துக்கு மட்டும் விலையில்லை.

இப்போது முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலைக்கு வருவோம். திருமலை நாயக்கர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கலை இது. சௌராஷ்டிர மக்கள் மதுரைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியது. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. சாயமிடுவதும் விற்பதும் பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்தன. முடிச்சுப் போடுவது வீட்டுப் பெண்களின் வேலை. இடதுகை விரல் நகத்தால் துணியின் ஒரு பொட்டைக் கிள்ளித் தூக்க வேண்டும். நூலை இறுகச் சுற்றி, அறுக்காமல் அடுத்த பொட்டுக்கு நகர வேண்டும். சுற்று தளர்ந்தால் சாயம் உள்ளே இறங்கிப் புள்ளி கலங்கிவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் துணி கிழியும். வேலைப்பாடு மிகுந்த ஒரு சேலைக்கு 20,000 முடிச்சுகள் வரை ஆகும் என்பார்கள். சாயம் காய்ந்து, துணியை இருபுறமும் பிடித்து வெட்டி இழுக்கும்போது நூல்கள் படபடவெனத் தெறித்து விழும். புள்ளிகள் திறக்கும். ஒரு புள்ளி இன்னொன்றைப் போல இருக்காது. துணியில் மெல்லிய சுருக்கம் நிற்கும். அச்சடித்த புள்ளியையும் முடிந்த புள்ளியையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே பிரித்துவிடலாம்.

இன்று சுங்குடி என்ற பெயரில் கடைகளில் மலைபோல் குவிந்திருப்பவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சிலும் பிளாக்கிலும் வந்தவை. அசல் முடிச்சுச் சேலையைத் தேடிப்போக வேண்டியிருக்கிறது. இயந்திரம் வந்தது, கைவேலை தோற்றது, அது காலத்தின் நியதி என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பாதி உண்மைதான். அச்சு வேகமானது, மலிவானது. ஆனால் அச்சு வருவதற்கு முன்பே முடிச்சுக்கூலியைக் கைச்செலவுக் காசாக நினைக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து நேரம் போக்குவதற்குச் செய்வதுதானே, அதற்கு எதற்கு முழுக்கூலி என்ற நினைப்புதான் விலையைக் கீழே பிடித்து வைத்தது. அம்மா ஆயிரக்கணக்கில் முடிந்தும் கையில் நிற்பது சொற்பம் என்பதைப் பார்த்து வளர்ந்த மகள் ஜவுளிக்கடைக்கும் மருத்துவமனை வரவேற்புக்கும் கணினி மையத்துக்கும் வேலைக்குப் போனாள். அவளைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. நம் பெண்கள் பாரம்பரியத்தை விட்டுவிட்டார்கள் என்று மேடையில் புலம்புகிறவர்கள், அந்தப் பாரம்பரியம் அவர்களுக்கு மாதம் எவ்வளவு கொடுத்தது என்பதையும் அதே மேடையில் சொல்லவேண்டும்.

புவிசார் குறியீடு வந்துவிட்டதே, அது காப்பாற்றாதா? 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஊரின் பெயரைக் காக்கிறது, பொருளின் பெயரைக் காக்கிறது. வேறு ஊர்க்காரர் மதுரைச் சுங்குடி என்று போட்டு விற்றால் வழக்குப் போடலாம். முடிச்சுக்கு இவ்வளவு கூலி என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. சேலையின் மடிப்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் கடையின் பெயர் இருக்கும், விலை இருக்கும், ஊர்ப்பெயர் இருக்கும். பல நாள்கள் குனிந்த தலை நிமிராமல் முடிந்தவரின் பெயர் இருக்காது.

அடுத்த வாதம், வீட்டிலிருந்து செய்வதால் அது தொழிலாகாது என்பது. இதை மறுக்கத் தென் மாவட்டங்களின் பீடி சுற்றும் பெண்களே போதும். அவர்களும் வீட்டு வாசலில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்தபடிதான் சுற்றினார்கள். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று ஏற்றது. அந்த அங்கீகாரத்தின் வழியே அடையாள அட்டையும் வருங்கால வைப்பு நிதியும் அவர்களை எட்டின. சங்கம் வைத்துப் போராடித்தான் இவையெல்லாம் நடைமுறைக்கு வந்தன என்பது வேறு விஷயம். திண்ணையில் பீடி சுற்றினால் தொழிலாளி, அதே திண்ணையில் சுங்குடி முடிந்தால் பொழுதுபோக்கு என்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கென்றே 177ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. மற்றக் கூலித் தொழிலாளருக்குச் சமமாக அவர்களை நடத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

ஆசைப்பட்டுச் செய்கிறாரே, அதற்குக் காசு எதற்கு என்ற பேச்சும் இந்த வாதத்தின் இன்னொரு முகம். நாகஸ்வர வித்துவான் ஆசைப்பட்டுத்தான் வாசிக்கிறார். அதற்காக முகூர்த்தம் முடிந்ததும் வெறும் வெற்றிலைபாக்கோடு அவரை யாரும் அனுப்புவதில்லை. வேலையில் ஒருவருக்கு இன்பம் இருப்பது அந்த வேலையின் தரத்துக்குச் சான்று. விலையைக் குறைப்பதற்கான சாக்காக அதைத் திருப்புவது தாய்மார்களிடம் மட்டும்தான் நடக்கிறது.

யூடியூபைப் பார்த்து அப்படியே போடுகிறார்கள், இதில் என்ன கலை என்ற ஏளனத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒயர்கூடை பின்னத் தெரிந்த எவரும் அறிவார், எத்தனை கட்டு ஒயர், அடிக்கு எத்தனை ஒயர், நீளம் எவ்வளவு என்ற கணக்கு முதலில் சரியாக அமைய வேண்டும். அடி கோணினால் கூடை நிற்காது. சிவன்கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று ஒவ்வொரு பின்னலுக்கும் ஒயர் பிடிக்கும் அளவு மாறும். இரண்டு நிறம் சேர்த்தால் எந்த வரிசையில் எது மேலே வரும் என்பதை அடியிலேயே தீர்மானித்தாக வேண்டும். அந்தக் கணக்கு எந்தத் தாளிலும் இல்லை, தலைக்குள் இருக்கிறது. வாசலில் இடும் கோலமும் அப்படித்தான். சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, இவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் கோலத்தை ஆராய்ந்து கணினி அறிவியலில் கட்டுரைகள் எழுதினார்கள். புள்ளிகளையும் சுழிகளையும் கொண்டு பட இலக்கணம் என்ற துறைக்கே அவர்கள் பங்களித்தார்கள். அதிகாலையில் யாரும் கேட்காமல், கூலியில்லாமல் தாய்மார்கள் போட்டுக்கொண்டிருந்தது கணிதம் என்று உலக ஆய்விதழ்கள் ஏற்றுக்கொண்டன. வீட்டிலுள்ளவர்கள் அதை மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

இவர்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அன்றாடத்திலிருந்துதான். மீனாட்சி கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்த தாமரையைப் ப்ளவுஸின் முதுகில் இறக்குகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் கண்ட தேர்ச்சீலையின் நிறச்சேர்க்கை கூடையில் வந்து உட்காருகிறது. மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் களிமண் பொம்மை செய்யும் குடும்பங்களில் ஆவணிக்குப் பிள்ளையார், புரட்டாசிக்குக் கொலு, டிசம்பருக்குக் குடில் என்று ஆண்டு முழுக்கக் காலண்டரை ஒட்டி வேலை ஓடுகிறது. அங்கே பெண்கள் வண்ணம் தீட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லத் துணிய மாட்டார்.

கடல் கடந்தும் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினத் தாய்மார்கள், பிள்ளைகளுக்குக் குளிர் தாங்க வேண்டும் என்று கிழிந்த வேலையுடைத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வைகள் தைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அது வீட்டு வேலையாகவே எண்ணப்பட்டது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் தொங்கின. நவீன ஓவியங்களுக்கு இணையாக விமர்சகர்கள் எழுதினார்கள். 2006இல் அஞ்சல்தலையாகவும் வந்தன. இடையில் போர்வை மாறவில்லை. பார்த்தவர்கள்தான் மாறினார்கள்.

மூன்றாவது வாதம்தான் மிகவும் நயமாகப் பேசுவது. கைவேலையைத் தொழிலாக்கினால் பிள்ளைகளைக் கவனிப்பது யார், அம்மாவின் லட்சியம் பிள்ளைகளின் எதிர்காலம் அல்லவா என்று அது கேட்கும். பாசத்தின் குரலில் வருவதால் பதில் சொல்லவே பல பெண்கள் தயங்குகிறார்கள்.

அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளை பள்ளிக்கூடம் போனவரல்ல. கல்யாணமாகி வந்து, பிள்ளைகளைப் பெற்று, வயலில் கூலிவேலை செய்தவர். நாற்று நடவும் அறுப்புக்கும் போகும் பெண்களின் கொத்துத் தலைவியாக நிலக்காரர்களிடம் கூலி பேசியவர். மதுரைப் பகுதியில் 1990இல் தொடங்கிய களஞ்சியம் சிறுசேமிப்பு இயக்கம் அவர் ஊருக்கு வந்தபோது, கந்துவட்டிக்குப் பதிலாகப் பெண்களே சேர்த்துப் பெண்களே கடன் கொடுக்கும் அமைப்பை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 2001இல் டெல்லியில் விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. பிள்ளை குட்டியைப் பெற்றவள் வீடுதாண்டி இன்னொன்றை லட்சியமாக வைத்துக்கொண்டால் வீடு நாசமாகும் என்ற பேச்சுக்கு மதுரை மண்ணிலேயே இருக்கும் மறுப்பு அவர். அவர் தாண்டியதால் கந்துவட்டியிலிருந்து மீண்டது ஒரு வீடு மட்டுமல்ல.

காரைக்குடிச் சீமையின் கொட்டான் என்ற ஓலைக்கூடையும் இங்கே பேசப்பட வேண்டியது. செட்டிநாட்டு ஆச்சிகள் பனையோலையில் முடைந்து, மணி கோத்து, கல்யாணச் சீருக்கு வைத்த கலை அது. வீட்டு வழக்கமாக மட்டும் இருந்தவரை, வழக்கம் குறைந்ததும் கலையும் தேய்ந்தது. 2000ஆம் ஆண்டு விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை அதைச் சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குத் தொழிலாகக் கற்றுக்கொடுத்துச் சந்தையும் தேடித் தந்தது. 2013இல் செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிழைத்தது எப்படி? செய்கிறவருக்குப் பயிற்சியும் கூலியும் ஆர்டரும் உண்டு என்று ஆனபிறகுதான் பிழைத்தது. தொழிலாக்கினால் கலையின் உயிர் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் சுங்குடியையும் கொட்டானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இந்த விஷயத்தில் நீதிமன்றங்கள் நம் வீடுகளைவிட முன்னே போய்விட்டன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், சிறைவாசிகளோடு ஒரே பட்டியலில் வேலை செய்யாதோர் என்று சேர்த்திருந்ததை உச்ச நீதிமன்றம் 2010இல் கடுமையாகக் கண்டித்தது. 2021 ஜனவரியில் நீதிபதி என்.வி. ரமணா, விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கும் வருமானம் கணக்கிட்டே இழப்பீடு தரவேண்டும் என்று விளக்கியபோது 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் எண்களையே சான்றாக வைத்தார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் கணவன் சம்பாதிக்கும்போது வீட்டைத் தாங்கிய மனைவியின் உழைப்பும் சொத்து சேர்வதற்குக் காரணம், அதில் அவருக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமை என்று வைத்தது சரியான முடிவு. ஆனால் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டோம், இனி அவள் தைப்பதற்கும் முடிவதற்கும் தனிக்கூலி எதற்கு என்று அதையே முடிவாக்கிக்கொள்வது அந்த உரிமையைக் கேலி செய்வதாகும். வீட்டு வேலைக்கு அங்கீகாரம் ஒன்று. அதற்கு மேல் செய்யும் தொழிலுக்குக் கூலி வேறு.

இதைச் சொன்னவுடன் இன்னொரு கூட்டம் உற்சாகமாக வந்து சேரும். ஆமாம், அம்மாக்கள் எல்லோரும் தொழில்முனைவோர் ஆகவேண்டும், வீட்டிலிருந்தே மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று விளம்பரம் செய்யும் கூட்டம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆறு நாளில் ஆரி கற்றுத்தந்து, சான்றிதழ் கொடுத்து, ஃபிரேமும் ஜர்தோசியும் மணியும் தங்களிடமே வாங்கவைத்து அனுப்பிவிடுவார்கள். அதே தெருவில் பத்துப் பேர் அதே வேலைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டு, ஒருவருக்கொருவர் விலையைக் குறைத்துக்கொண்டு நிற்பார்கள். இதுவும் ஓய்வு நேரக் கட்டுக்கதையின் வேறொரு வடிவம்தான். முதல் கூட்டம் அவள் நேரத்துக்கு விலையில்லை என்கிறது. இரண்டாவது கூட்டம் ஒவ்வொரு நிமிடத்தையும் விலையாக்கு என்கிறது. தனக்காக ஒன்றைச் செய்து மகிழும் உரிமை அம்மாவுக்கும் உண்டு என்பதை இரண்டும் மறந்துவிடுகின்றன.

விற்காமல், யாருக்கும் கொடுக்காமல், தன் வீட்டு ஜன்னலுக்கு மட்டும் திரைச்சீலை பின்னுகிற பெண் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவர் மாலையில் கிரிக்கெட் பார்க்கும்போது அதனால் என்ன லாபம் என்று யாரும் கேட்பதில்லையே. அவருக்குக் கிடைக்கிற அந்தக் கேள்வியில்லாத ஒரு மணி நேரம் அவளுக்கும் வேண்டும். எது தன் மகிழ்ச்சிக்கு, எது கூலிக்கு என்று பிரித்துச் சொல்லும் அதிகாரம் செய்கிறவருடையது. ப்ளவுஸைக் கொண்டுவந்து நீட்டும் உறவினருடையது அல்ல.

கூலிக்கு என்று அவர் சொல்லிவிட்டால், மற்றத் தொழில்களுக்கு உள்ளதெல்லாம் இதற்கும் வேண்டும். வீட்டில் ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். கட்டிலின் மூலையில் ஃபிரேமைச் சாய்த்து வைத்துக் குனிந்து கிடந்தால் நாற்பது வயதில் கழுத்தும் கண்ணும் போய்விடும். வேலை நேரத்தில் தண்ணீர் பிடிப்பதும் பிள்ளையை வேனிலிருந்து இறக்குவதும் வீட்டின் மற்றவர்கள் பொறுப்பு. விலை சொல்லும்போது நூல், மணி, துணி இவற்றின் விலையோடு மணிக்கணக்கும் சேரவேண்டும். இருபது மணி நேரம் பிடித்த ப்ளவுஸுக்கு 1,000 ரூபாய் வாங்கி, அதில் 400 ரூபாய் பொருளுக்குப் போனால், மணிக்கு 30 ரூபாய். இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டு வாடிக்கையாளர் முன் வைத்தால் பேரம் பேசுகிற பலர் வாயடைத்துப்போவார்கள். மண்டபத்துக்கும் கேட்டரிங்குக்கும் முன்பணம் கொடுக்கிற குடும்பங்கள், இந்த வேலைக்கும் ஆர்டரோடு முன்பணம் கொடுக்கப் பழகவேண்டும்.

வீட்டுக்கு வெளியே செய்யவேண்டியவை இன்னும் பெரியவை. மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்தில் பல காலம் இருந்த தையல்காரர்களுக்கும் வளையல் கடைகளுக்கும் இடம் மாறவேண்டிய நிலை வந்தபோது குன்னத்தூர் சத்திரத்தில் கடைகள் ஒதுக்கப்பட்டன. அதேபோல, கோயிலைச் சுற்றி ஆண்டு முழுக்க வெளியூர்க் கூட்டம் வரும் இந்த ஊரில், செய்கிற பெண்கள் இடைத்தரகர் இல்லாமல் தாங்களே விற்கவும் உட்கார்ந்து வேலை செய்யவும் மாநகராட்சி ஓர் இடம் ஒதுக்குவது நடக்காத காரியமல்ல. சுங்குடியின் சீட்டில் முடிந்தவரின் பெயரைச் சேர்ப்பதற்கு ஒரு முத்திரைக் கட்டையின் செலவுதான் ஆகும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கூலி. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே பீஸ் ரேட் வேலைக்கும் அடிக்கூலி நிர்ணயிக்க இடம் கொடுத்திருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த வழி இருக்கிறது. ஆகவே புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாநிலத் தொழிலாளர் துறை மதுரையில் ஒரு குழுவை உட்காரவைத்து, நூறு முடிச்சுக்கு எவ்வளவு நேரம், ஒரு கிலோ மல்லி கட்ட எவ்வளவு நேரம் என்று அளந்து, அதற்கான கூலியை அறிவிக்க வேண்டும். வியாபாரிகளும் அதிகாரிகளும் மட்டும் இருந்து அதை முடிவு செய்யக்கூடாது. முடிச்சுப் போடும் பெண்களும் பூக்கட்டும் பெண்களும் அந்தக் குழுவில் உறுப்பினர்களாக இருக்கவேண்டும். கூட்டத்துக்கு வரும் நாள்களுக்கு அவர்களுக்கு அன்றைய கூலியும் கொடுக்கவேண்டும்.